இருமினால் சிறுநீர்க் கசிவு: எந்த ஆபரேஷன் என்று பெயர் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிவதாக எழுதிக் கேட்டிருந்த வாசகிக்குத் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில், 'சிறிய அறுவை சிகிச்சையில் குணமாகிவிடும், கவலை வேண்டாம்' என்று ஒரு வரியில் பதில் வந்திருந்தது. கவலை வேண்டாம் என்றது சரி. 'சிறிய அறுவை சிகிச்சை' என்றதில்தான் சிக்கல். அந்த ஒரு பெயருக்குள் குறைந்தது ஐந்து வேறு வேறு ஆபரேஷன்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்றில் உடம்புக்குள் காலத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் நாடா இருக்கும். இன்னொன்றில் வயிற்றைக் கீறி, அவரவர் சொந்தச் சவ்வையே எடுத்து வைத்துத் தைப்பார்கள். வேறொன்று வெறும் ஊசி. பலன் எவ்வளவு, பின்னால் வரும் தொந்தரவு என்ன, சரிவராவிட்டால் அவிழ்க்க முடியுமா என்பதெல்லாம் ஒவ்வொன்றுக்கும் வேறுபடும். ஆனால், மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கமிருந்து மதுரைக்கு வைத்தியத்துக்கு வரும் பெண்களைக் கேட்டால், 'நீர்ப்பையைத் தூக்கிக் கட்டியிருக்காங்க' என்பதற்கு மேல் தனக்கு என்ன செய்தார்கள் என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகவே வருகிறது.

முதலில் கசிவு எந்த வகை என்று பிரித்துவிட வேண்டும். இருமல், தும்மல், சிரிப்பு, குடம் தூக்குவது, குனிந்து நாற்று நட்டு நிமிர்வது என வயிற்றில் அழுத்தம் ஏறும் அந்த நொடியில் மட்டும் கசிந்தால் அது அழுத்தக் கசிவு. கீழே சொல்லும் ஆபரேஷன்கள் எல்லாம் இதற்கு மட்டும்தான். 'வருதுன்னு தெரிஞ்சு ஓடுறேன், கதவைத் திறக்குறதுக்குள்ள போயிருது' என்றால் அது அவசரக் கசிவு. அதற்கு மாத்திரையும் நீர்ப்பைப் பயிற்சியும்தான் வைத்தியம்; நாடா வைத்தால் அவசரம் கூடிப்போகவும் வாய்ப்புண்டு. பலருக்கு இரண்டும் கலந்திருக்கும். அப்போது எது அதிகம் படுத்துகிறதோ அதிலிருந்து தொடங்க வேண்டும். கர்ப்பப்பையை எடுத்த பிறகோ சிரமமான பிரசவத்துக்குப் பிறகோ இரவு பகலாக விடாமல் சொட்டினால் நீர்ப்பையில் ஓட்டை விழுந்திருக்கலாம். அதற்கும் இந்த நாடாவுக்கும் சம்பந்தமில்லை. பல வருடம் சர்க்கரை இருப்பவர்களில் சிலருக்கு நீர்ப்பை முழுதாகக் காலியாகாமல், நிரம்பி வழிந்துகொண்டிருக்கும். அழுத்தக் கசிவு என்று நினைத்து அவர்களுக்கு நாடா வைத்துவிட்டால் போகவே முடியாமல் அடைத்துக்கொள்ளும்.

இதைப் பிரித்தறியப் பெரிய இயந்திரம் தேவையில்லை. மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதினால் பாதி விஷயம் தெரிந்துவிடும். எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தேன், மில்லி போட்ட பிளாஸ்டிக் ஜாடியில் பிடித்து எவ்வளவு போனேன், என்ன செய்யும்போது கசிந்தது, அவ்வளவுதான். பிறகு மருத்துவர் நீர்ப்பை நிரம்பியிருக்கும்போது இருமச் சொல்லிக் கசிவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். போய்விட்டு வந்த பிறகு ஸ்கேனில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று அளக்க வேண்டும். சிறுநீரில் கிருமி உண்டா, அடி இறக்கம் (கர்ப்பப்பையோ நீர்ப்பையோ கீழே சரிவது) உண்டா, சர்க்கரை எவ்வளவு என்பதையும் பார்த்துவிட வேண்டும். நீர்ப்பைக்குள் டியூப் விட்டு அழுத்தம் அளக்கும் யூரோடைனமிக் பரிசோதனை எல்லோருக்கும் கட்டாயம் என்பது பழைய எண்ணம். அமெரிக்காவில் சிக்கலில்லாத அழுத்தக் கசிவு உள்ள 630 பெண்களிடம் செய்து 2012-ல் வெளியான ஆய்வில், அந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் ஒரு வருடம் கழித்துப் பலன் ஒன்றாகவே இருந்தது. இரண்டு பக்கமும் 77 சதவீதம். முன்பே ஒரு ஆபரேஷன் தோற்றவர்கள், அவசரமும் கலந்திருப்பவர்கள், நீர் தங்குபவர்கள், நரம்புக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு அது தேவை. மற்றவர்கள் அந்தச் செலவை மிச்சம் பிடிக்கலாம்.

அடுத்தது, ஆபரேஷனுக்கு முன் மூன்று மாதம் தசைப் பயிற்சி. இதை ஏதோ சம்பிரதாயத்துக்குச் சொல்வதாக எடுத்துக்கொள்கிறார்கள். காற்றையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவது போல அடித்தசையை உள்ளிழுத்து மேலே தூக்க வேண்டும். வயிறு, பிட்டம், தொடை இறுகக் கூடாது, மூச்சையும் பிடிக்கக் கூடாது. ஒரு வேளைக்குக் குறைந்தது 8 முறை, நாளைக்கு மூன்று வேளை. பலர் உள்ளிழுப்பதற்குப் பதிலாக முக்கிக் கீழே தள்ளுகிறார்கள். அப்படி மூன்று மாதம் செய்தால் கசிவு கூடத்தான் செய்யும். பயிற்சி தெரிந்தவர் ஒருமுறையாவது விரல் வைத்துப் பார்த்துச் சரி சொன்னால்தான் அது பயிற்சி. சிறுநீர் போய்க்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகுவதும் தப்பு. இருமல் வருகிறது என்று தெரிந்ததும் முன்கூட்டியே ஒரு முறை இறுக்கிக்கொள்ளும் பழக்கம் மட்டுமே சிலரைக் காப்பாற்றிவிடும். உடல் எடை கூடியவர்கள் 8 சதவீதம் குறைத்ததில் வாராந்திரக் கசிவு ஏறக்குறைய பாதியானதை 2009-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. மலச்சிக்கலும் ஓயாத இருமலும் சரியாகாமல் எந்தத் தையலும் நிற்காது.

ஆனால் பயிற்சிக்கும் எல்லை உண்டு. நெதர்லாந்தில் 460 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பயிற்சியும் மறு பாதிக்கு நேரடியாக நாடாவும் கொடுத்துப் பார்த்தார்கள். 2013-ல் வந்த முடிவில், பயிற்சியில் தொடங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஒரு வருடத்துக்குள் தாமாகவே ஆபரேஷன் பக்கம் போய்விட்டார்கள். இதிலேயே இன்னொரு கணக்கும் இருக்கிறது: மற்ற பாதிப்பேர் கத்தி படாமலே சமாளித்துக்கொண்டார்கள். குழந்தை இன்னும் பெற வேண்டியிருப்பவர்கள் பிரசவமெல்லாம் முடியும்வரை ஆபரேஷனைத் தள்ளிவைப்பதே நல்லது.

நம் பக்கத்தில் அதிகம் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். கசிவு என்று போன பெண்ணுக்கு, 'கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், கூடவே ஒரு தையல் போட்டால் அதுவும் நின்றுவிடும்' என்பார்கள். கர்ப்பப்பை கசிவதில்லை. அதை எடுப்பதால் கசிவு நிற்காது. சிலருக்குப் பிறகு கூடவும் செய்திருக்கிறது. கூடவே போடும் தையலுக்கு கெல்லி தையல் என்று பெயர், நூறு வருடத்துக்கு மேல் பழையது. நீர்ப்பையின் கழுத்துக்கு அடியில் தளர்ந்த சதையை மடித்துத் தைப்பார்கள். முதல் சில மாதம் நன்றாகவே இருக்கும். தளர்ந்த சதையையே தளர்ந்த சதையோடு தைத்ததால் வருடங்கள் போகப் போக நெகிழ்ந்துவிடும். அழுத்தக் கசிவுக்கு இதைச் செய்ய வேண்டாம் என்று சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2019 வழிகாட்டியில் திட்டவட்டமாகவே சொல்லியிருக்கிறது. அடி இறக்கத்துக்கு இதே போன்ற தையல் தேவைப்படலாம். அது வேறு காரணம், வேறு கணக்கு.

இனி நாடா ஆபரேஷன். நீர்ப்பையிலிருந்து வெளியே வரும் சிறுநீர்த்தாரை பெண்களுக்குச் சுமார் 4 செ.மீ. நீளம்தான். தோட்டத்து ஹோஸைக் கட்டாந்தரையில் வைத்து மிதித்தால் தண்ணீர் நின்றுவிடும்; சேற்றில் வைத்து மிதித்தால் ஹோஸ் அமுங்கி இறங்குமே தவிர அடைபடாது. பிரசவத்தில் தாங்குதசை நெகிழ்ந்த பெண்ணுக்கு இருமும்போது நடப்பது அதுதான். நாடா அந்தத் தாரையின் நடுப்பகுதிக்கு அடியில் ஒரு கெட்டித் தரையாக நிற்கிறது. ஸ்வீடனில் உல்ம்ஸ்டென் என்ற மருத்துவர் 1996-ல் இந்த முறையை வெளியிட்டார். டி.வி.டி. என்று சீட்டில் எழுதுவது இதைத்தான். நாடா பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் ஒற்றை இழையில் பின்னியது, அகலம் 11 மில்லிமீட்டர். பெரிய கண்ணிகள் இருந்தால்தான் அதற்குள் சதை வளர்ந்து பிடித்துக்கொள்ளும், கிருமி தங்காது.

முதுகு ஊசி போட்டோ, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தோ செய்யலாம். டியூப் போட்டு நீர்ப்பையைக் காலி செய்துவிட்டு, பிறப்புறுப்பின் முன் சுவரில், சிறுநீர் வரும் வாய்க்கு ஒரு செ.மீ. கீழே ஒன்று ஒன்றரை செ.மீ. கீறுவார்கள். அங்கிருந்து வளைந்த ஊசி, முன்பக்க இடுப்பெலும்பின் பின்புறத்தை உரசிக்கொண்டே மேலேறி அடிவயிற்றில் வெளிவரும், மறுபக்கமும் அதேபோல. ஊசி ஏறும்போது டியூபுக்குள் ஒரு கம்பியைச் செருகி நீர்ப்பையின் கழுத்தை எதிர்ப்பக்கம் ஒதுக்கிப் பிடிக்க வேண்டும். பிறகு நீர்ப்பையை 300 மில்லி வரை நிரப்பிச் சிறுநீர்த்தாரை வழியே கேமராக் குழாயை விட்டுச் சுற்றிலும் பார்க்க வேண்டும். நீர்ப்பைச் சுவர் சுருங்கிக் கிடந்தால் மடிப்புக்குள் ஊசி போயிருந்தாலும் தெரியாது. அதனால்தான் நிரப்பிப் பார்ப்பது. ஊசி உள்ளே தெரிந்தால் உருவி, எலும்பை ஒட்டி மறுபடி ஏற்ற வேண்டும். டியூப் சில நாள் கூடுதலாக இருக்கும், அவ்வளவே. அதைப் பார்க்காமல் நாடாவை இழுத்துவிட்டால்தான் வினை. நீர்ப்பைக்குள் கிடக்கும் நாடாவின் மேல் கல் கட்டும், கிருமித்தொற்று போய்ப் போய் வரும். கேமரா வைத்துப் பார்க்காமல் செய்த டி.வி.டி. முழுமையான டி.வி.டி. இல்லை.

கடைசிப் படி இறுக்கம். தாரைக்கும் நாடாவுக்கும் நடுவே ஒரு கத்தரிக்கோலை நுழைத்து வைத்துக்கொண்டு மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறையை உருவுவார்கள். உறை போனபின் நாடாவை இழுத்துச் சரிசெய்வது கடினம், ஆகவே அந்தக் கத்தரிக்கோல் இடைவெளிதான் எல்லாம். படுத்திருக்கும்போது நாடா தாரையைத் தொட்டும் தொடாமலும் கிடக்க வேண்டும். 'நல்லா இறுக்கிக் கட்டுங்க டாக்டர், மறுபடி வரக் கூடாது' என்று கேட்கிற குடும்பங்கள் உண்டு. இறுக்கினால் கசிவு நிற்கும், கூடவே சிறுநீரும் நின்றுவிடும்.

தொடைவழி என்று இன்னொரு பாதை, 2001-ல் பிரான்சில் டெலோர்ம் கொண்டுவந்தது. டி.ஓ.டி. என்பார்கள். நாடா மேலே ஏறாமல் இரண்டு பக்கமும் தொடை இடுக்கு வழியாக வெளிவரும். நீர்ப்பையில் ஊசி படுவது குறைவு, குடலுக்கும் பெரிய ரத்தக்குழாய்க்கும் பக்கத்தில் போவதில்லை. மேல்வழியில், அதாவது அடிவயிற்றில் வெளிவரும் டி.வி.டி.யில், அவற்றில் குத்துப்படுவது மிக அரிது என்றாலும், பட்டால் உயிருக்கு ஆபத்து. இந்த இரண்டையும் அமெரிக்காவில் 597 பெண்களிடம் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2010-ல் வெளியிட்டார்கள். பரிசோதனையில் கசிவு நின்றவர்கள் மேல்வழியில் 80.8 சதவீதம், தொடைவழியில் 77.7. பெரிய வித்தியாசமில்லை. சிறுநீர் போக முடியாமல் மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள் மேல்வழியில் 2.7 சதவீதம், தொடைவழியில் ஒருவருமில்லை. தொடை மரத்துப்போவது, பலவீனம் போன்ற நரம்புத் தொந்தரவு மேல்வழியில் 4 சதவீதம், தொடைவழியில் 9.4.

மேலோட்டமாகப் பார்த்தால் தொடைவழி பத்திரமானது போலத் தோன்றும், பல இடங்களில் அதையே விரும்பிச் செய்வதும் அதனால்தான். எங்களுக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. தொடை இடுக்கு வலி பெரும்பாலோருக்குச் சில வாரத்தில் போய்விடும். போகாத சிலருக்கு நாடாவை எடுக்க வேண்டி வந்தால், தொடைத் தசைகளுக்குள் புகுந்து கிடப்பதை முழுதாக எடுக்கத் தொடையையே கீற வேண்டும். அப்படியும் முழுதாக வராது. சோழவந்தான் வயலில் நாற்று நடுகிறவருக்கும், மல்லிகைத் தோட்டத்தில் விடியுமுன் குனிந்து மொட்டுப் பறிக்கிறவருக்கும், நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கும் தொடை வலி என்பது பிழைப்பைத் தொடுகிற விஷயம். நைஸ் வழிகாட்டியும், மேல்வழியில் போகக் கூடாத தனிக் காரணம் இருந்தால் தவிரத் தொடைவழியைப் பரிந்துரைக்க வேண்டாம் என்கிறது. பழைய வயிற்று ஆபரேஷன்களால் எலும்புக்குப் பின்னால் எல்லாம் ஒட்டிப்போயிருக்கும் பெண்ணுக்கு அந்தக் காரணம் இருக்கிறது. சிசேரியன் எத்தனை, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

'மெஷ்' எனும் பிளாஸ்டிக் வலை என்றாலே தடைசெய்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது பாதி உண்மை. இதில் இரண்டு கதைகள் கலந்துவிட்டன. அடி இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியே அகலமான வலையை வைப்பது ஒன்று. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019 ஏப்ரலில் விற்பனையை நிறுத்தச் சொன்னது அந்த வலையைத்தான், கசிவுக்கு வைக்கும் குறுகிய நாடாவை அல்ல. பிரிட்டனோ 2018 ஜூலையில் நாடாவையும் சேர்த்து நிறுத்திவைத்தது. பாதிக்கப்பட்ட பெண்களின் பேச்சைக் கேட்டு பாரோனெஸ் கம்பர்லெஜ் தலைமையிலான குழு 2020-ல் அறிக்கை கொடுத்தது. வலியென்று சொன்ன பெண்களை வருடக்கணக்கில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பது அதில் பதிவான முக்கியக் குறை. நாடா கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. வட ஐரோப்பாவில் முதன்முதலில் டி.வி.டி. வைத்த 90 பெண்களை 17 வருடம் கழித்துத் தேடிப் பிடித்ததில், பரிசோதிக்க முடிந்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் கசிவில்லாமல் இருந்தார்கள். அதே சமயம், நூற்றில் ஏறக்குறைய இருவருக்கு நாடா பிறப்புறுப்புச் சுவரை அரித்துக்கொண்டு வெளியே தலைகாட்டும். நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், தொட்டால் ரத்தம், கணவருக்கு ஏதோ குத்துவது போல் உறுத்தல் ஆகியவை அதன் அறிகுறி. சின்னதாக இருந்தால் ஈஸ்ட்ரோஜன் கிரீம் தடவியோ, துருத்தும் துண்டை வெட்டி மூடியோ சரிசெய்யலாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் புகையிலை போடுபவர்களுக்கும் புண் ஆறாது என்பதால் இந்த ஆபத்து கூடுதல்.

பிளாஸ்டிக்கே வேண்டாம் என்றால் சொந்தச் சவ்வு. அடிவயிற்றில், சிசேரியன் கீறும் இடத்தில் குறுக்காகக் கீறி, வயிற்றுத் தசையைப் போர்த்தியிருக்கும் வெள்ளைச் சவ்விலிருந்து 8 முதல் 10 செ.மீ. நீளம், ஒன்றரை முதல் 2 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டையை வெட்டி எடுப்பார்கள். அதன் இரண்டு முனையிலும் நூல் கோர்த்து, நீர்ப்பையின் கழுத்துக்கு அடியில் ஊஞ்சல் போலத் தொங்கவிட்டு, நூல்களை மேலே கொண்டுவந்து வயிற்றுச் சவ்வின் மேல் முடிவார்கள். முடிச்சுக்கும் சவ்வுக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். அந்த இரண்டு விரலைக் கொடுக்காத முடிச்சு, நோயாளியை மாதக்கணக்கில் டியூபோடு அலைய வைக்கும்.

மற்றொன்று பர்ச் முறை, 1961-லிருந்து இருக்கிறது. நீர்ப்பைக் கழுத்தின் இரு பக்கமும் பிறப்புறுப்புச் சுவரில் இரண்டு மூன்று தையல் போட்டு இடுப்பெலும்பின் மேல் இருக்கும் கெட்டியான நாரோடு கட்டுவது. வயிற்றைத் திறந்தோ லேப்ராஸ்கோப் வழியாகவோ செய்யலாம். முன்சுவர் தூக்கப்படுவதால் வருடங்கள் கழித்துப் பின்சுவர் இறங்கலாம் என்பது இதன் குறை. வேறு காரணத்துக்காக வயிற்றைத் திறக்கும்போது இதையும் சேர்த்துச் செய்வது பொருத்தம். இதற்காகவே திறப்பது இப்போது குறைந்துவிட்டது.

இந்த இரண்டையும் 655 பெண்களிடம் ஒப்பிட்டு அமெரிக்காவில் 2007-ல் வெளியிட்ட முடிவைப் படித்தால் பலருக்குத் தூக்கிவாரிப் போடும். இரண்டு வருடம் கழித்து முழு வெற்றி என்று கணக்கிட்டது சொந்தச் சவ்வில் 47 சதவீதம், பர்ச்சில் 38. 'விளம்பரத்துல 95 போட்டிருக்கே' என்று கேட்கத் தோன்றும். அந்த ஆய்வில் வெற்றி என்றால் எந்த விதமான கசிவும் இல்லை என்று பெண்ணே சொல்ல வேண்டும், இருமல் பரிசோதனையில் கசியக் கூடாது, எடை போட்டுப் பார்த்த நாப்கின் கனக்கக் கூடாது, மறுபடி எந்த வைத்தியமும் எடுத்திருக்கக் கூடாது. அவசரக் கசிவு இருந்தாலும் தோல்விதான். அழுத்தக் கசிவை மட்டும் பார்த்தால் அதே பெண்களிடம் 66, 49 என்று ஏறுகிறது. இருமிப் பார்த்ததில் கசியவில்லை என்பதை மட்டும் வெற்றி என்று வைத்துக்கொண்டால் இன்னும் ஏறும். ஆகவே யாராவது சதவீதம் சொன்னால், எத்தனை வருடம் கழித்து, எதை வெற்றி என்று வைத்து என்று இரண்டு கேள்வி கேட்டுவிட வேண்டும். வெவ்வேறு ஆய்வுகளின் சதவீதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இது உசத்தி, அது மட்டம் என்பதும் சரியாகாது. சொந்தச் சவ்வின் விலையும் அதே ஆய்வில் இருக்கிறது. சிறுநீர் போவதில் சிரமம் 14 சதவீதம், பர்ச்சில் 2 மட்டும். சிறுநீர்த் தொற்று 48 சதவீதம், பர்ச்சில் 32.

மினி நாடா என்று குட்டையாக ஒன்று வந்திருக்கிறது. வெளியே வராமல் உள்ளேயே கொக்கி போல் மாட்டிக்கொள்ளும், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே முடித்துவிடலாம். பிரிட்டனில் 596 பெண்களிடம் செய்து 2022-ல் வந்த ஆய்வில் மூன்று வருட முடிவு வழக்கமான நாடாவுக்குக் குறையவில்லை. ஆனால் தாம்பத்திய உறவில் வலி 11.7 சதவீதத்தினருக்கு, வழக்கமான நாடாவில் 4.8. விளம்பரத்தில் இந்த எண் வராது.

ஊசி முறையில் கேமராக் குழாய் வழியே பார்த்துக்கொண்டே தாரையின் சுவருக்குள் மூன்று நான்கு இடங்களில் ஜெல்லைச் செலுத்துவார்கள், மொத்தம் ஒன்றரை, 2 மில்லிதான். சுவர் புடைத்து வாய் சுருங்கும். அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். பலன் குறைவு: பின்லாந்து ஆய்வில் ஒரு வருடம் கழித்துத் திருப்தி என்றவர்கள் நாடாவில் 95 சதவீதம், ஊசியில் 60. மறுபடி போட வேண்டியும் வரும். வயதானவர்கள், மயக்கம் கொடுக்க முடியாத இதய நோயாளிகள், பெரிய ஆபரேஷனே வேண்டாம் என்பவர்களுக்கு இது நல்ல வழி.

யாருக்கு எது என்று கேட்டால், குழந்தைப்பேறு முடிந்து, பயிற்சி பலிக்காமல், இதுவரை ஆபரேஷன் எதுவும் ஆகாத பெண்ணுக்கு மேல்வழி நாடாதான் எங்கள் முதல் யோசனை. அது நிரந்தரம் என்று தெரிந்து அவர் சம்மதித்தால். ஒருமுறை நாடா வைத்துத் தோற்றவர், அரித்து எடுத்தவர், இடுப்பில் ரேடியேஷன் எடுத்தவர், தாரை அசையாமல் இறுகித் திறந்தே கிடப்பவர் ஆகியோருக்குச் சொந்தச் சவ்வு. ஆபரேஷன் நடுவில் தாரையில் கீறல் விழுந்துவிட்டால் அன்றைக்கு நாடா வைக்கவே கூடாது. ஓட்டையை அடைத்துவிட்டு ஒத்திப்போட வேண்டும், இல்லையென்றால் சவ்வு. அந்த முடிவை மேசையில் எடுக்க நோயாளியின் சம்மதம் முன்பே வாங்கியிருக்க வேண்டும். அடி இறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொள்பவர்கள் தனியாக ஒன்றைக் கேட்க வேண்டும்: மடங்கிக் கிடந்த தாரை நிமிர்ந்ததும் இதுவரை இல்லாத கசிவு புதிதாகக் கிளம்பலாம். அதற்குக் கூடவே நாடா வைப்பதா, பொறுத்துப் பார்ப்பதா என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலைதான் உண்மையான பரீட்சை. டியூப் வழியே 300 மில்லி உப்புநீரை உள்ளே விட்டு டியூபை எடுத்துவிட்டு ஜாடியில் போகச் சொல்வார்கள். 200 மில்லியாவது வெளியே வர வேண்டும். வரவில்லையென்றால் பதறத் தேவையில்லை. வீக்கத்தால்தான் பலருக்கு அப்படி ஆகிறது. சில நாள் டியூபோடு இருக்கலாம், அல்லது தானே மெல்லிய டியூப் விட்டு எடுத்துக்கொள்ளப் பழகலாம். ஆனால் காலக்கெடு ஒன்று இருக்கிறது. பத்துப் பதினான்கு நாளுக்குள் திரும்பப் போனால் அந்தச் சின்னத் தையலைப் பிரித்து நாடாவைக் கொஞ்சம் கீழே இழுத்துத் தளர்த்திவிடலாம். அதற்குப் பிறகு கண்ணிக்குள் சதை வளர்ந்துவிடும், அறுக்கத்தான் வேண்டும். அறுத்தால் சிலருக்குக் கசிவு திரும்பும். 'போகப் போகச் சரியாயிரும்' என்று இரண்டு மாதம் முக்கி முக்கிப் போய்க்கொண்டிருப்பது இந்த வாய்ப்பைக் கெடுக்கிறது. சொட்டுச் சொட்டாகப் போவது, நின்றுகொண்டு முன்னால் சாய்ந்தால்தான் வருவது, போன பிறகும் இருப்பது போலத் தோன்றுவது ஆகியவை தெரிந்தால் அடுத்த ஓ.பி. நாளுக்குக் காத்திருக்க வேண்டாம்.

நாடா வைத்தவர்கள் ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது, தாம்பத்திய உறவும் கூடாது. நிறைகுடம் சுமார் 15 கிலோ இருக்கும். அதை வீட்டில் வேறொருவர் தூக்க வேண்டும். சவ்வு எடுத்தவர்களுக்கு வயிற்றுக் காயமும் இருப்பதால் அதற்கு மேலும் ஆகும். ஆறு வாரம் வேலைக்குப் போகாமல் இருக்க முடியுமா என்பதைத் தேதி குறிக்கும்போதே யோசித்துக்கொள்ள வேண்டும், நடவோ பூவெடுப்போ தொடங்கிய பிறகு யோசித்துப் பயனில்லை.

செலவில் பெரும்பகுதி அந்த நாடாவின் விலைதான். சொந்தச் சவ்வுக்கு அந்தச் செலவு இல்லை, ஆனால் படுக்கை நாட்கள் கூடும். ஹெர்னியாவுக்கு வைக்கும் வலையைக் கீற்றாக வெட்டி நாடாவாக வைப்பவர்களும் உண்டு. செலவு வெகுவாகக் குறையும். ஆனால் உறையில்லாததால் இழுக்கும்போது சுருளலாம், வெட்டிய ஓரம் பிசிறலாம். அப்படிச் செய்வதானால் அதையும் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். கோரிப்பாளையம் அரசு இராசாசி மருத்துவமனையில் மகளிர் துறையும் சிறுநீரகவியல் துறையும் இரண்டும் இருக்கின்றன, ஆகவே கேட்டுத் தெரிந்துகொள்ள வெளியூர் அலைய வேண்டியதில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் எந்த மருத்துவமனையானாலும் சேரும் முன்பே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் ஆபரேஷனின் பெயரைச் சொல்லி, நாடாவின் விலையும் அதில் அடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டில் 'கசிவுக்கு அறுவை சிகிச்சை செய்யப்பட்டது' என்று மட்டும் இருந்தால் ஏற்காதீர்கள். நாடாவா சவ்வா, மேல்வழியா தொடைவழியா, கேமரா வைத்துப் பார்த்தார்களா, டியூபை எடுத்தபோது எவ்வளவு நீர் தங்கியிருந்தது என்ற நான்கும் அதில் எழுதியிருக்க வேண்டும். நாடா வந்த பெட்டிக்குள் கம்பெனிப் பெயரும் தொகுதி எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்று கேஸ் ஷீட்டுக்கு, ஒன்று உங்களுக்கு. அதைச் சீட்டில் ஒட்டச் சொல்லி வாங்கி, ரேஷன் கார்டு வைக்கும் பையிலேயே வைத்துவிடுங்கள். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் வேறு மருத்துவர் உங்கள் நாடாவைத் தேட வேண்டி வந்தால், எந்தப் பக்கம் கீறுவது என்பதை அவர் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

இப்படிக்கு,
மகளிர் சிறுநீர்க் கசிவு சிகிச்சையில் பணிபுரியும்
மருத்துவர், செவிலியர், பிசியோதெரபிஸ்ட் மூவர்,
மதுரை.